வங்குரோத்துக் கோப்பில் ஒரு சாதகக் குறிப்பு

இந்த நாட்டில் ஆளில்லாத அறைக்குள் நுழைந்தாலும் நம்பர் எடுக்க வேண்டும். பாண் கடையிலும் மருந்துக் கடையிலும் வாசலில் ஒரு சின்ன யந்திரம் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். நாக்கைப் பிடித்து இழுத்தால் ஒரு துண்டு கையில் வரும். அந்தத் துண்டில் உள்ள இலக்கம் சுவரில் எரியும்வரைக்கும் நீங்கள் அந்த அறைக்குள் இல்லை என்றுதான் அர்த்தம். அன்றைக்கு ஹோர்சன்ஸ் நீதிமன்றக் கந்தோரில் நான் இழுத்த துண்டில் நாற்பத்தேழு. சுவரில் நாற்பத்தாறு. வாங்குகளில் ஒரு குருவி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனுசி, இந்தப் பக்கம் நான். அவ கோப்பியை ஒரு மிடறு குடித்தா, ஒரு கடதாசியைப் புரட்டினா, ஜன்னலால் வெளியே பார்த்தா. நான் தொண்டையைச் செருமிப் பார்த்தேன். பலனில்லை. இந்த நாட்டுக்கு வந்து இருபத்திரண்டு வருடமாகியும், நம்பர் எரிய முன்னம் வாயைத் திறக்கும் துணிவு எனக்கு வரவில்லை. கடைசியில் 'டிங்' என்றது. அவ நிமிர்ந்து, நான் அந்தக் கணம்தான் கூரையைப் பிரித்துக்கொண்டு குதித்ததுபோலச் சந்தோசமாய்ச் சிரித்தா.

நான் கேட்கப் போனது என்னுடைய சொந்த வங்குரோத்தை, கடன் கட்ட ஏலாமல் கடை முறிந்த வழக்கின் கோப்பை. டெனிஷில் அதற்குக் கொன்கூர்ஸ் என்று பெயர். கேட்க ஏதோ கோயில் திருவிழாவில் வாசிக்கிற வாத்தியக் கோஷ்டி மாதிரி இருக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னம் என் கடை அப்படித்தான் மேளதாளத்தோடு போனது. சனத்துக்கு நான் சொன்னது வேறு. "கடையைக் குடுத்திட்டன், முதுகு நோ, நிண்டு வேலை செய்ய ஏலாது." அந்தப் பொய்யை ஹேர்னிங்கிலிருந்து ரண்டர்ஸ் வரைக்கும் எல்லா வீட்டுக் கலியாணங்களிலும் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்து காப்பாற்றினேன். பிறகு ஹோர்சன்சில் பண்டகசாலையில் பெட்டி தூக்கும் வேலை கிடைத்தது. பகலில் பெட்டி தூக்கி, பின்னேரம் தமிழ்ச் சனத்தைக் கண்டால் கூனிக்கொண்டு நிற்பேன். உண்மையான முதுகு நோ அதற்குப் பிறகுதான் வந்தது.

இவ்வளவு பாடுபட்டு ஒளித்த வங்குரோத்தை நானே போய்த் தோண்ட நேர்ந்ததற்குக் காரணம் ஒரு திகதி. என் அக்காவின் மகள் வதனி எந்த நாளில் பிறந்தவள் என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

வைகாசி மாதம். யுத்தம் முடிந்துவிட்டதென்று இங்கத்தைத் தொலைக்காட்சியில் காலநிலைச் செய்திக்கு முன்னால் அரை நிமிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு நாளைக்கு வெயில் என்றார்கள். வெயிலும் எறித்தது. வன்னியில் இருந்த அக்காவையும் வதனியையும் பற்றி நாலு மாதமாய் ஒரு சத்தமும் இல்லை. அத்தான் தர்மலிங்கம் முன்னமே செத்துப்போனார். அந்த வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான். நாங்கள் ஒவ்வொரு நாளும் இணையத்தில் வந்துகொண்டிருந்த பட்டியல்களைப் பார்த்தோம். முகாமுக்கு வந்தவர்கள், காயப்பட்டவர்கள், மற்றவர்கள். என் மகள் அபிராதான் கணினியில் தேடுவாள். இங்கே பிறந்தவள், நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள். அன்றைக்கு அவள் தமிழில் கூப்பிட்டாள்.

"அப்பா, இஞ்ச வாங்கோ."

தமிழ் கேட்டதும் நான் எழும்பி ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் இறந்தவர்களின் பட்டியல். பத்தொன்பதாவது பெயர்: தர்மலிங்கம் வதனி, பெண். பக்கத்தில் அடையாள அட்டையில் இருந்து எடுத்த பிறந்த திகதி, யூலை இருபத்தேழு. அவ்வளவுதான்.

"வன்னியில தர்மலிங்கத்துக்குக் குறைச்சலே? வதனிக்குக் குறைச்சலே?" என்றேன். "அந்தப் பக்கம் கல்லெறிஞ்சால் ஒரு தர்மலிங்கத்திலதான் விழும்."

மனைவி புவனா என் பகிடியைக் கவனிக்கவில்லை. "எங்கட வதனி எப்ப பிறந்தவள்?" என்று கேட்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து ஒரே விசயத்தைச் சொன்னோம். "எட்டில செவ்வாய்."

அபிரா எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். சொந்த மருமகளின் பிறந்தநாள் தெரியாத தாய்மாமனும் மாமியும், அவளுடைய சாதகத்தில் செவ்வாய்க் கிரகம் எந்த வீட்டில் குந்தியிருக்கிறதென்று மட்டும் பிழையில்லாமல் சொல்லுகிறார்களே என்று அவளுக்குப் பட்டிருக்கும். இந்த நாட்டில் ஒரு மனிதரின் பெயரை மறந்தாலும் பிறந்த திகதியை மறக்க முடியாது. இங்கே ஒவ்வொருவருக்கும் உள்ள பதிவு இலக்கத்தின் முதல் ஆறும் பிறந்த திகதிதான். காய்ச்சலுக்கு டொக்டரிடம் போனாலும் முதலில் பிறந்த திகதியைத்தான் சொல்லவேண்டும். நாங்கள் அப்படிப் பழகவில்லை. பிள்ளை பிறந்தால் சாத்திரியார் சாதகம் எழுதித் தருவார். அந்தக் குறிப்பை மஞ்சள் பூசிப் பெட்டிக்குள் வைப்போம். திகதி பெட்டிக்குள் இருக்கிறது என்ற நிம்மதியில் மறந்துவிடுவோம். எட்டில் செவ்வாய் இருப்பதால் திகதியைக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஒவ்வொரு நாளும் இரண்டு மணித்தியாலம் பிறக்கிற எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வரும்.

வதனியின் குறிப்பு ஒரு காலத்தில் என் கையில் இருந்தது. ஒன்றல்ல, ஒரு கட்டே இருந்தது.

என் கடையைப் பற்றிச் சொல்லவேண்டும். அரிசி, மிளகாய்த்தூள், படக் கசற்றுகள் விற்ற கடை. ஆனால் சனம் வந்தது கலியாணம் பேச. கல்லாப் பெட்டிக்குக் கீழே ஒரு இழுப்பறை. அதற்குள் ஊரிலிருந்தும் இங்கிருந்தும் வந்த சாதகக் குறிப்புகளை மஞ்சள் நூலால் கட்டி வைத்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் கருவாட்டுப் பக்கற்றை நெரித்துப் பார்த்தபடி, "தம்பி, பொம்பிளை ஏதும் இருக்கோ?" என்று கேட்பார்கள். கருவாட்டையும் குறிப்பையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்த நாள்களும் உண்டு. அக்கா வதனியின் குறிப்பை வன்னியிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவரின் கையில் கொடுத்து, அவர் தபாலில் போட்டு, அது எனக்கு வந்து சேர மூன்று மாதம் எடுத்தது. யுத்தத்தால் வன்னிப் பாதை பூட்டியிருந்த காலம். மின்சாரம் இல்லாத ஊரில் போட்டோகொப்பி எங்கே எடுப்பது? வந்தது அசல். கூடவே ஒரு துண்டு: "தம்பி, இவளை எப்பிடியும் அங்கால எடுத்துவிடு. குறிப்புக் கவனம்."

எட்டில் செவ்வாய் என்று ஆறு இடம் தட்டிவிட்டது. ஏழாவதாக ரண்டர்சிலிருந்து பொன்னம்பலத்தார் டெலிபோன் எடுத்தார். "தம்பி, என்ரை பெடியனுக்கும் செவ்வாய்தான். ரெண்டு செவ்வாயும் ஒண்டையொண்டு பாத்துக்கொள்ளட்டும். குறிப்பை அனுப்பு." நான் குறிப்பை எடுத்துக் கட்டின் மேலே வைத்தேன், வெள்ளிக்கிழமை அனுப்பலாமென்று. வியாழக்கிழமை குராட்டோர் வந்தார்.

குராட்டோர் என்பது, ஒரு கடை வங்குரோத்தானால் அதைப் பொறுப்பெடுக்க நீதிமன்றம் அனுப்புகிற வக்கீல். உயரமான, மெலிந்த, சத்தம் போடாத மனிதர். கடை முழுக்க நடந்து ஒவ்வொன்றாய் எழுதினார். அரிசிமூட்டை, தராசு, கசற்றுகள். நான் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் தானாகப் பகிடி விடும். அது சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. ஆமி மறித்த இடத்திலும் பகிடி விட்டு அடி வாங்கினவன் நான். அன்றைக்கும் வாய் மட்டும் கலியாண வீட்டில் நின்றது. அவர் இழுப்பறையைத் திறந்தார். மஞ்சள் நூல் கட்டிய கட்டை அவிழ்த்தார். கட்டம் கட்டமாய்க் கீறி, கட்டத்துக்குள் எழுத்தும் இலக்கமுமாய் இருந்த கடதாசிகளை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது உங்களுடைய கணக்குப் புத்தகமா?" என்று கேட்டார்.

இல்லை, இது என் சொந்தக் கடதாசி, சனத்தின் சாதகங்கள் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே திருப்பித் தந்திருப்பார். சொந்தக் கடதாசிகளை எடுக்க அவருக்கு உரிமை இல்லை என்று பிறகு அறிந்தேன். நான் சொன்னது இது: "ஓம், பழைய கடன்கள். பிறக்க முன்னம் பட்டவை."

எங்கள் ஊரில் இந்தப் பகிடிக்கு ஒரு கடையே சிரித்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "பழைய கடன்கள்" என்று அப்படியே எழுதினார். கட்டைத் திரும்பவும் மஞ்சள் நூலால், என்னைவிட வடிவாய், கட்டினார். பெட்டிக்குள் போட்டார். நான் வாயைத் திறந்தேன். பகிடி என்று விளங்கப்படுத்த வேண்டும். விளங்கப்படுத்த என்னிடம் போதிய டெனிஷ் இல்லை. அதோடு, நீதிமன்றம் அனுப்பிய ஆளுக்குப் பொய் சொன்னதற்கு மறியலில் போடுவார்களோ என்றொரு பயம். வாயை மூடினேன். என் சீவியத்தில் நான் தேவையான இடத்தில் வாயை மூடியது அந்த ஒருமுறைதான். அது தேவையில்லாத இடமாகப் போயிற்று.

பொன்னம்பலத்தார் கேட்டுக்கொண்டே இருந்தார். "நாளைக்கு அனுப்புறன் அண்ணை." "தபாலில போட்டன் அண்ணை, வரேல்லையோ?" "தபால்காரன் துலைச்சிட்டான் போல." உண்மையைச் சொன்னால் வங்குரோத்தைச் சொல்லவேண்டும். அக்காவிடம் இன்னொரு குறிப்புக் கேட்கலாம். கேட்டால் முதல் குறிப்புக்கு என்ன நடந்ததென்று சொல்லவேண்டும். அவவுக்கு, "பாக்கினம், பாக்கினம்" என்று எழுதினேன். மூன்றாம் மாதம் பொன்னம்பலத்தார் சொன்னார்: "தம்பி, குடுக்க மனமில்லாட்டி நேர சொல்லியிருக்கலாம். பெடியனுக்குக் கனடாவில சரிவந்திட்டுது." அந்தப் பெடியன் நல்ல பெடியன். இப்போது கனடாவில் இரண்டு பிள்ளைகள். வதனி வன்னியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு எடுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். பிறகு பாதை திறந்தது, பாதை பூட்டியது. நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

ஆக, ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டைத் தேடத் தொடங்கினேன். உங்களில் யாருக்காவது இங்கே தேவைப்பட்டால் சொல்லி வைக்கிறேன், வெட்கப்படாதீர்கள். என்னைவிட வெட்கம் கெட்டவர் இருக்கமாட்டார். முதலில் குராட்டோரின் கந்தோருக்கு டெலிபோன் எடுத்தேன். அலுவலகத்துக்கு நாங்கள் கந்தோர் என்போம், இவர்கள் கொன்டோர் என்பார்கள்; அந்த ஒரு சொல் மட்டும்தான் இங்கேயும் அங்கேயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. அவர் இளைப்பாறிவிட்டார். கடைக் கணக்குகளை ஐந்து வருடம் வைத்திருப்பார்களாம், அதற்குப் பிறகு அரைத்துவிடுவார்களாம். "எல்லாம் முறைப்படி" என்றாள் டெலிபோனில் இருந்த பெட்டை, என் மனம் குளிரட்டும் என்று. சாதகமாய் இருந்திருந்தால் திரும்பி வந்திருக்கும். கணக்காய்ப் போனதால் முறைப்படி அரைபட்டுவிட்டது.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். குராட்டோர் நீதிமன்றத்துக்கு ஒரு அறிக்கை கொடுப்பார், சிலவேளை இணைப்புகளும் வைப்பார், அது நீதிமன்றக் கோப்பில் இருக்கலாம், வழக்கு இலக்கம் இருந்தால் கேட்டுப் பாருங்கள் என்று. வழக்கு இலக்கத்துக்கு நான் எங்கே போவேன்? வந்த கடிதங்களை எல்லாம் புவனாவுக்குத் தெரியாமல் எரித்தவன். நூலகத்தில் அரச வர்த்தமானி இருக்கிறதென்று அபிரா கண்டுபிடித்தாள். வங்குரோத்தாகிற ஒவ்வொருவரின் பெயரும் அதில் அச்சாகுமாம். நான் இருபது மைல் சுற்றளவில் ஒரு தமிழனுக்கும் தெரியாமல் ஒளித்ததை, இந்த அரசாங்கம் அதே கிழமையில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியிருக்கிறது. எங்கள் சனம் டெனிஷ் வர்த்தமானி வாசிப்பதில்லை என்ற ஒரே காரணத்தால் என் மானம் ஒன்பது வருடம் தப்பியிருந்தது. தடித்த புத்தகங்களைக் குனிந்து புரட்டினேன். யாராவது தமிழர் வந்தால் மூட வசதியாய்ப் பக்கத்தில் ஒரு சமையல் புத்தகம் திறந்து வைத்திருந்தேன். இரண்டாம் நாள் என் பெயரைக் கண்டேன். பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். இந்த நாட்டில் என் பெயர் பிழையில்லாமல் அச்சாகிய ஒரேயொரு இடம்.

கடை இருந்த சின்ன ஊரின் நீதிமன்றத்துக்குப் போனால் அது இப்போது யோகாசனம் பழக்குகிற இடம். மாவட்டங்களை எல்லாம் ஒழித்து, சின்ன நீதிமன்றங்களை மூடிப் பெரியவற்றோடு சேர்த்துவிட்டார்களாம். என் கடை இருந்த மாவட்டமே இப்போது இல்லை. வதனி இருந்த ஊரும் இல்லை. அதை நினைத்து யோகாசனக்காரர்களின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய கோப்புகள் எங்கே என்று கேட்டதற்கு ஒருத்தி கண்ணைத் திறக்காமலே, "ஹோர்சன்ஸ்" என்றாள். நான் வேலை செய்யிற ஊர். வேலைத்தலத்திலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

அப்படித்தான் நாற்பத்தேழாம் நம்பரோடு அந்த மனுசியின் முன்னால் நின்றேன். அவவின் பெயர் கிர்ஸ்டன் என்று சட்டையில் குத்தியிருந்தது. வழக்கு இலக்கத்தைக் கொடுத்தேன்.

"இந்த வழக்கில் நீங்கள் யார்?" என்று கேட்டா.

"நான்தான் வங்குரோத்தானவன்" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அதை வாய்விட்டுச் சொன்னேன். அவ, நான் கோப்பியா தேத்தண்ணியா என்று சொன்னதுபோலத் தலையாட்டிவிட்டு எழுதினா. இதற்காகவா முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்?

"என்ன தேவைக்கு?"

"என் மருமகளின் பிறந்தநாளைக் கண்டுபிடிக்க."

அவவின் முகம் மலர்ந்துவிட்டது. "அட! பிறந்தநாள் கொண்டாட்டமா? எத்தனையாவது?"

"முப்பதாவது" என்றேன். கணக்குச் சரிதான், யூலையில் பிறந்தவள் என்றால், வாற யூலையில் முப்பது. கொண்டாட்டம் இல்லை என்று திருத்தவேண்டும். திருத்தவில்லை. குராட்டோருக்கு முன்னால் நின்ற அதே வாய்.

கோப்பு நிலவறையில் இருந்து வர நாலு நாள் ஆகும் என்றா. அந்த நாலு நாளும் பண்டகசாலையில் பெட்டிகளைப் பிழையான தட்டுகளில் அடுக்கினேன். என் வேண்டுதல் ஒன்றுதான்: யூலை இருபத்தேழாக மட்டும் இருக்கக்கூடாது. மார்கழி, மாசி, பங்குனி, எதுவும் எனக்குச் சம்மதம். வருடத்தில் மற்ற எல்லா நாளும் எனக்காக நின்றன, அந்த ஒன்றைத் தவிர. சூதாட்டத்தில்கூட இவ்வளவு நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு என் கடைக்கும் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள் என்ற நினைப்பு வந்தது.

ஐந்தாம் நாள் போனேன். கிர்ஸ்டன் என்னை ஒரு மேசையில் இருத்தி, மெல்லிய கோப்பு ஒன்றை வைத்தா. அன்றைக்கு அவவின் கந்தோரில் யாருக்கோ பிறந்தநாள். ஒரு துண்டுக் கேக்கும் கொண்டுவந்து வைத்தா. அதில் ஒரு பல்லுக்குச்சி, குச்சியில் கடதாசியில் செய்த டெனிஷ் கொடி. இங்கே பிறந்தநாள் என்றால் கொடி இல்லாமல் இல்லை. கேக்கிலும் கொடி, வாசலிலும் கொடி. "உங்கள் மருமகளுக்காக" என்றா.

கோப்பைத் திறந்தேன். குராட்டோரின் அறிக்கை. "கடை உரிமையாளரின் கூற்றுப்படி இவை பழைய கடன்கள். தமிழ் மொழியில் உள்ளன. மொழிபெயர்க்கும் செலவு நியாயமானதல்ல. மாதிரிக்கு ஒரு பக்கம் இணைக்கப்பட்டுள்ளது, இணைப்பு ஏழு." என் பகிடியை இரண்டு பேர் கையொப்பமிட்டுப் பதிந்து வைத்திருந்தார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். மூலையில் மஞ்சள் கறையோடு, கட்டின் மேலே நான் எடுத்து வைத்த அதே கடதாசி. கொப்பியல்ல, அசல். தர்மலிங்கம் மகள் வதனி.

சாத்திரியார் தமிழ்த் திகதியில் மட்டும் எழுதியிருந்தார். சித்தார்த்தி வருடம் ஆடி மாதம் பத்தாந் திகதி வியாழக்கிழமை. நான் விரலில் எண்ணினேன். நம்பாமல் திரும்ப எண்ணினேன். கிர்ஸ்டனைக் கூப்பிட்டு, அந்த வருடத்தைச் சொல்லி, யூலை இருபத்தாறு என்ன கிழமை என்று கணினியில் பார்க்கச் சொன்னேன்.

"வியாழன்" என்றா.

இருபத்தாறு. இருபத்தேழு அல்ல. பட்டியலில் இருந்தது வேறொரு தர்மலிங்கத்தின் வேறொரு வதனி. நான் சிரித்தேன். சத்தமாய்ச் சிரித்தேன், கண்ணால் தண்ணீர் ஓட. வேறொரு தகப்பனின் பிள்ளை செத்ததற்கு நீதிமன்றத்தில் இருந்து சிரித்துக்கொண்டு கேக் சாப்பிட்டேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும். "தில்லுக்க!" என்றா கிர்ஸ்டன், வாழ்த்துகள் என்று. என் கையைப் பிடித்துக் குலுக்கினா. "அவவுக்கும் சொல்லுங்கள்." ஓம், சொல்லுறன் என்றேன். அசலைத் தர ஏலாது, அது வழக்கின் சொத்து என்று சொல்லி, ஒரு போட்டோகொப்பி எடுத்துத் தந்தா. பல்லுக்குச்சிக் கொடியை நான் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன்.

பஸ் தரிப்பில் நல்ல வெயில். புவனாவுக்கு டெலிபோன் எடுக்க முன்னம் இன்னொருமுறை ஆசைக்கு வாசித்துப் பார்ப்போமென்று கொப்பியை விரித்தேன். திகதிக்குக் கீழே உள்ள வரியின் மேல் 'இணைப்பு ஏழு' என்ற முத்திரை குத்தியிருந்தார்கள். உள்ளே மங்கலாய்த் தெரிந்த எழுத்து, வெயிலில் பிடித்தபோது முத்திரைக்குப் பின்னால் துலங்கியது. உதயாதி நாழிகை ஐம்பத்து நான்கு.

எங்கள் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்கும். அங்கிருந்து அறுபது நாழிகை எண்ணினால் அடுத்த உதயம். ஐம்பத்து நான்கு என்றால் விடிய இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கிறபோது பிறந்தவள். சாத்திரியாருக்கு அது வியாழக்கிழமைதான், இன்னும் விடியவில்லையே. ஆனால் இங்கிலீஷ் கலண்டரில் நடுச்சாமத்தோடு நாள் மாறிவிடும். அடையாள அட்டை எழுதியவனுக்கு அது வெள்ளிக்கிழமை, யூலை இருபத்தேழு.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. சாரதி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். கதவு பூட்டியது, பஸ் போனது. எனக்கு அந்த நேரத்தில் ஒரு பகிடியும் வரவில்லை. தேடிப் பார்த்தேன். வரவில்லை.

வீட்டில் புவனாவிடம் கொப்பியைக் கொடுத்தேன். அவள் விரலால் தடவி வாசித்து, நாழிகையில் வந்து நின்றுவிட்டாள். நான் ஒன்றும் விளங்கப்படுத்தத் தேவைப்படவில்லை. அபிராவுக்குத்தான் அவள் விளங்கப்படுத்தினாள். அபிரா கேட்டுவிட்டு, "அப்ப மச்சாளுக்கு ரெண்டு பிறந்தநாளா?" என்றாள், தமிழில். ஓம், இரண்டு. நான் அந்த இரண்டுக்கும் நடுவில் அரை மணித்தியாலம் சந்தோசமாய் இருந்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு ஞாயிறு மத்தியானம், தெரியாத இலக்கத்திலிருந்து டெலிபோன் வந்தது. அக்கா. செட்டிகுளத்து முகாமில் முள்கம்பிக்குள் இருக்கிறாவாம். யாரோ ஒரு பெடியனின் போனாம், இரண்டு நிமிடம்தான் கதைக்கலாமாம்.

"தம்பி, நான் இருக்கிறன். நீ பயப்படாத."

"அக்கா..."

"இவள் வதனிக்குக் காலில காயம். காயக்காரரை ஏத்த வந்த செஞ்சிலுவைக் கப்பலில ஏத்தி விட்டனான். எந்த ஆஸ்பத்திரியில வைச்சிருக்கிறாங்களெண்டு ஒருத்தரும் சொல்லினமில்லை. நீ அங்கையிருந்து ஒருக்கா விசாரியன்."

புவனா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்குதோ தம்பி? அவளுக்கு ஒண்டும் ஆகாது. எட்டில செவ்வாயெண்டாலும் ஆயுள் கெட்டியெண்டு சாத்திரியார் சொன்னவரெல்லே. வந்தவுடன திரும்பக் கலியாணம் பாக்கவேணும். எங்களிட்ட ஒரு கடதாசி மிச்சமில்லை, எல்லாம் எரிஞ்சுபோச்சு. உன்னட்டை அவளின்ரை குறிப்பு இருக்குத்தானே? கவனமா வைச்சிருக்கிறியே?"

மேசையில் அந்தப் பல்லுக்குச்சிக் கொடி கிடந்தது. என் கை அதை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது.

"ஓம் அக்கா" என்றேன். "பத்திரமா இருக்கு. இஞ்சை அரசாங்கமே பூட்டி வைச்சிருக்கு."

"நீயும் உன்ரை பகிடியும்" என்று அக்கா சிரித்தா. நாலைந்து மாதத்துக்குப் பிறகு அவ சிரித்திருப்பா. போன் அறுந்துவிட்டது.

என் வாழ்க்கையில் நான் சொன்ன அத்தனை பகிடிகளிலும் அது ஒன்றுதான் முழு உண்மை. வதனி என்று ஒருத்தி பிறந்ததற்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற ஒரே அசல் எழுத்து, அவள் ஒருநாளும் கால் வைக்காத நாட்டில், ஒழிந்துபோன ஒரு மாவட்டத்தின் வங்குரோத்துக் கோப்பில், பழைய கடனுக்கு மாதிரியாய் இருக்கிறது.

கையைப் பார்த்தேன். உருட்டியதில் கடதாசிக் கொடி குச்சியின் நடுவுக்கு இறங்கிவிட்டிருந்தது. இங்கே பக்கத்து வீடுகளில் யாராவது செத்தால் முற்றத்துக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்குவார்கள். அடக்கம் முடிந்த பிறகு திரும்ப உச்சிக்கு ஏற்றுவார்கள். நான் அதைத் தொடவில்லை. அக்காவிடம் சொல்லாதவரைக்கும் எங்கள் வீட்டில் அடக்கம் முடியாது. அடுத்த ஞாயிறும் அவ எடுக்கலாம். புவனா அந்தக் குச்சியைச் சாமித் தட்டில் திருநீற்றுக்குள் குத்தி வைத்திருக்கிறாள், கொடி பாதியில் நிற்கிறது.